குன்னூரில் வீடு, சென்னையில் குடும்பம்: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

வாடகை ஒப்பந்தம் எழுத என்னிடம் வருகிற வெளியூர் வீட்டுக்காரர்கள் பேச்சு முடியும் நேரத்தில் கேட்பது ஒன்றுதான். "சார், நானே பார்த்துக்கலாமா, இல்ல ஒரு ஆளைப் போட்டுடலாமா?" கேட்கும்போதே மனசுக்குள் ஒரு ஆள் தயாராக இருப்பார். பக்கத்து எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர், நம்பிக்கையானவர், மாதம் ஏதோ கொடுத்தால் போதும்.

நீங்களே பார்த்துக்கொள்வதும் சரி, முறையாக ஒருவரை அமர்த்துவதும் சரி. சாவி மட்டும் கையில் இருந்து, காகிதம் எதுவும் இல்லாத இந்த நடு ஆளால்தான் என் மேசைக்கு வழக்குகள் வருகின்றன.

அப்படி ஒன்று. உரிமையாளர் சென்னையில். கேர்டேக்கரே குடித்தனக்காரரைப் பிடித்தார், அட்வான்ஸும் ரொக்கமாக அவரே வாங்கினார். ரசீது கிடையாது. காலி செய்கிற நேரத்தில் குடித்தனக்காரர் சொன்ன தொகை ஒன்று, கேர்டேக்கர் சொன்னது வேறு, உரிமையாளர் கைக்குப் போனது இரண்டையும் விடக் குறைவு. "நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லையே" என்றார் உரிமையாளர். ஆனால் மாதாமாதம் கேர்டேக்கர் வழியாகத்தானே வாடகை வந்தது, அதை வாங்கிக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று எதிர்த் தரப்பு கேட்டால் என்ன பதில் சொல்வது? போதாக்குறைக்கு, கேர்டேக்கர் பின்பக்க அறையை சீசனில் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கும் விட்டிருக்கிறார். அனுமதி இல்லாத தங்கும் விடுதி என்று நோட்டீஸ் வந்தது. வந்தது கேர்டேக்கர் பெயருக்கு இல்லை, வீட்டுக்காரர் பெயருக்கு.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய நினைப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள். இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

சொத்து மேலாளரைப் பற்றியும் இதே சட்டம் பேசுகிறது. ஒருவரை நியமித்தால் அவர் பெயர், நீங்கள் அதிகாரம் கொடுத்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான பழுதுகளைப் பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. வீட்டுக்குள் போக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

சரி, அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ள முடியாதா? கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருந்தால் தாராளமாக முடியும். ஆனால் சமவெளி வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. 2009 நவம்பரில் இந்த மலையில் எத்தனை இடம் சரிந்தது என்பதை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் மண் அடைத்துக் கிடந்தால் மழைத் தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கும். ஈரம் ஏறிய மண் சுவரைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளுவதை யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், வாட்ஸ்அப் படத்தில் தெரியாது. கட்டமைப்புப் பழுது சட்டப்படி உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. கரடி கதவை உடைத்தால் யார் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் இல்லை. எங்கள் ஊரில் அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. கோடையில் தண்ணீர் லாரிச் செலவு யாருடையது என்பதையும்தான்.

அப்புறம் மேலாளர் கட்டணம். 20,000 ரூபாய் வாடகை, 10 சதவீதம் என்று பேசினால் ஆண்டுக்கு 24,000. வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் மொத்தமாகக் கழிக்க விடுகிறது. பராமரிப்பு, ஆள் கூலி எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. எனவே 24,000-க்கு என்ன கிடைக்கிறது என்று கறாராகக் கேளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை கூரையையும் சுவரையும் தேதி போட்ட படத்தோடு காட்டாத மேலாளர் வெறும் வாடகை வசூல்காரர்தான். அதற்கு உங்கள் வங்கிக் கணக்கே போதும்.

யாரை வைத்தாலும் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு அதிகாரக் கடிதம் போதும். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் அதிகாரமும் சேர்ந்து வருவதைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும், மேலாளர் கட்டணத்தை நீங்கள் அனுப்புங்கள். மின் இணைப்பில் உங்கள் கைப்பேசி எண்ணே இருக்கட்டும். வீடு காலி என்று அவர் சொன்ன இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட் ஓடியதாகக் குறுஞ்செய்தி வந்தால், போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் அன்று ராத்திரியே நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுங்கள்.