நோன்பைத் திறப்பதா, முறிப்பதா?

ரமலான் வந்தால் மொழிபெயர்ப்புச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: ‘பேரீச்சம்பழம் சாப்பிட்டு நோன்பை முறித்தனர்.’ இந்த ஆண்டும் பார்த்துவிட்டேன். இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை.

மேலப்பாளையத்தில் குடியிருந்தபோது எதிர்வீட்டு பாயிடம் நானும் அப்படித்தான் கேட்டேன்: “எத்தனை மணிக்கு பாய் நோன்பை முறிப்பீங்க?” அவர் பதறிப்போனார். “அப்படிச் சொல்லாதீங்க தம்பி. முறிஞ்சா நோன்பே போச்சு. பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நோன்பு திறப்போம்.”

அப்புறம் கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பகலில் வேண்டுமென்றே ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் நோன்பு முறிந்துவிடும். மறந்துபோய்க் குடித்தால் முறியாது. நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டு தொடரலாம். பயணத்திலோ நோயிலோ விட்டுப்போன நோன்பை ரமலானுக்குப் பிறகு நோற்க வேண்டும். அதைக் ‘களா’ செய்வது என்பார்கள். ஆக, முறிவது என்றால் கெடுவது. திறப்பது என்றால் நிறைவேறுவது. நாள் முழுக்கப் பசி தாங்கியவரைப் பார்த்து ‘முறித்தார்’ என்றால் அவர் நோன்பைக் கெடுத்துக்கொண்டார் என்றுதான் பொருள்.

நோன்பு திறப்பைக் குறிக்கும் ‘இப்தார்’ என்ற அரபுச் சொல்லின் வேரிலேயே பிளத்தல் என்ற பொருள் உண்டே என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும். தமிழில் முறிவுக்குத் தனிப் பொருள் ஏற்கெனவே நிலைத்திருக்கும்போது அரபு வேர் எதற்கு? உண்மையில் இவர்கள் அரபு வேரைப் பார்த்து எழுதவில்லை. ‘பிரேக் த ஃபாஸ்ட்’ என்ற ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். நோன்பு வைப்பவர் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு எழுதினால் என்ன?

‘நோன்பு’ பழைய தமிழ்ச்சொல். ‘உற்றநோய் நோன்றல்’ என்கிறது குறள். நோன்றல் என்றால் பொறுத்துக்கொள்வது. அரபியில் நோன்புக்கு ‘ஸவ்ம்’ என்று பெயர். அதற்குத் தவிர்ந்திருத்தல் என்று பொருள். குர்ஆன் 19:26இல் இயேசுவின் தாய் மர்யம் நேர்ந்துகொள்வது யாரிடமும் பேசாமல் இருக்கும் ஸவ்ம். பொய்யும் புறமும் பேசாமல் நாவை அடக்குவதும் நோன்பில் சேர்ந்ததுதான் என்று பாய் சொன்னது இந்த வசனத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இதைப் போய் ‘ரம்ஜான் உண்ணாவிரதம்’ என்று எழுதுகிறார்கள். உண்ணாவிரதம் என்பது கோரிக்கை வைத்துப் பந்தலில் உட்காருவது.