"எனக்கு லோ பிபி, டாக்டர்"

"இருக்காது டாக்டர். எனக்கு லோ பிபி. உங்க மிஷினை ஒருதடவை பாருங்க."

மிஷின் காட்டியது 188/106. பத்து நிமிடம் உட்காரவைத்து மறு கையில் பார்த்தேன், 184/104. முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்த 53 வயது அம்மா. பெரம்பூரில் கிளினிக் வைத்த நாளிலிருந்து என் மிஷின் மேல் பழி போடாத லோ பிபிக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கதை வழக்கமானதுதான். 27 வயதில், பிரசவமான புதிதில், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். யாரோ பார்த்து, "100/60, லோவா இருக்கு, உப்பு அதிகமா சேர்த்துக்கோம்மா" என்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் மோர், அதில் தாராளமாக உப்பு. அப்புறம் பிபி எப்போது பார்த்தீர்கள்? "அதான் லோன்னு தெரியுமே!" இசிஜி எடுத்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்த அடையாளம். ஏறிய பிபியால் வருவது, ஒன்றிரண்டு மாதத்தில் வருகிற மாற்றமல்ல அது.

தயவுசெய்து கேளுங்கள். 100/60 நோய் இல்லை. இளம் பெண்களுக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, இயல்பே அப்படித்தான். 120/80 எட்டிப்பிடிக்க வேண்டிய பாஸ் மார்க் அல்ல. தொந்தரவில்லாமல் அதற்குக் கீழே இருந்தால் சந்தோஷப்படுங்கள். கர்ப்பத்தின் நடுமாதங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதுவும் இயல்பு.

"அப்ப தலைசுத்தல் எதனால?" நியாயமான கேள்வி. முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாதவிலக்கில் அதிகப் போக்கு, டிபன் சாப்பிடாமல் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போவது, வேலையிடத்தில் கழிப்பறை சரியில்லை என்று மே மாத வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் லோ பிபி. ஹீமோகுளோபின் 8 இருக்கிற பெண்ணுக்கு உப்பு எலுமிச்சை ஜூஸ் என்ன செய்யும்?

நிஜமாகவே பயப்பட வேண்டிய லோ பிபி வேறு. விடாத வாந்தி பேதி, ரத்தப்போக்கு, டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம். அப்போது ஜூஸ் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

27 வயதில் இருந்த அளவு ஆயுளுக்கும் நிற்காது. மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி ஏறத் தொடங்கும். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான், வயது முப்பதானாலும் அறுபதானாலும். "வயசோட நூறைக் கூட்டிக்கோ" என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். தலைவலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மெடிக்கலில் நீங்களாக வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளில் பலவும் பிபியை ஏற்றும்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் தனியாக. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு 140/90 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள். பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டாலும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் பிபியும் இதய நோயும் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம். வருடம் ஒருமுறையாவது பாருங்கள்.

பார்க்கும்போது ஒழுங்காகப் பாருங்கள். காபி குடித்து அரை மணி ஆகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், பேசாமல். பட்டையை ரவிக்கைக் கைமேல் கட்ட விடாதீர்கள். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னது பொய்யாகக் கூட்டிக் காட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வந்தவர்களிடம், "அவருக்குப் பாருங்க" என்று கணவரைக் கைகாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள் அம்மா!

ஊருக்கு உபதேசம் செய்கிறேன், ஆனால் அந்த அம்மா எனக்குப் புதியவர் அல்ல. ஆறு வருடமாக மாதாமாதம் கணவரோடு வருகிறார். அவருடைய பிபி நோட்டு, சுகர் ரிப்போர்ட், மாத்திரைப் பை எல்லாம் இவர் மடியில்தான் இருக்கும். அத்தனை மாலைகளிலும் பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் கையில் நான் ஒருதடவைகூடப் பட்டை கட்டவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கணவர் கையிலிருந்து கழற்றினாலும் பட்டையை அப்படியே பக்கத்து ஸ்டூல் பக்கம் நீட்டுகிறேன்.

"எனக்கு எதுக்கு டாக்டர், எனக்கு லோ பிபி."

"சரிம்மா, கையை நீட்டுங்க."