மேடையில் பேசப்படாத எண்

தேர்தல் காலத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வரிப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அரசியல் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு அதில் தேநீர்ச் செலவைத் தவிர வேறு நட்டமில்லை.

2019 கார்த்திகையில் ஹாட்வெயார் கடைக்கார அண்ணை ஒருவர் வந்தார். "தம்பி, வற் பதினைஞ்சில இருந்து எட்டாகுதாம். இனிச் சீமெந்து மலியும் எண்டு சனம் காத்திருக்கு." வற் என்பது பொருளின் விலையோடு சேர்த்து வாங்கும் பெறுமதி சேர் வரி. அதை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைப்பது, ஜனாதிபதி வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ஷவின் விஞ்ஞாபனத்தில் இருந்த வாக்குறுதி. இதை நடைமுறைப்படுத்தினால் நாடு வங்குரோத்தாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்தார். தேர்தல் பேச்சு என்று நானும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சொன்னபடியே மார்கழி முதலாம் திகதி வற் 8 சதவீதமானது. ஆனால் உண்மையான ஓட்டை விழுந்தது வேறிடத்தில். ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்கிறவர் வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை, 2020 தையிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தினார்கள். ஒரேயடியாக 25 மடங்கு! மேடைகளில் எல்லோரும் 15, 8 என்று அடிபட்டார்களே தவிர, இந்த எல்லையைப் பற்றி வாய் திறந்தவரை நான் காணவில்லை. வரி வீதத்தை எவரும் பார்ப்பார்கள். யார் வரிக்குள் வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணையின் கடை ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி விற்றது. அவர் பதிவிலிருந்து வெளியே வந்தார். சீமெந்து மலிந்ததா? தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வற்றை, பதிவில் இருந்தபோது செய்ததுபோல, அரசுக்குக் கட்டும் வற்றில் இனிக் கழிக்க முடியாது என்பதால், அதையும் விலையில் சேர்த்தார். வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டிவந்த வற்றில் மிச்சம் அவர் கையில் நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வியாபாரி அப்படித்தான் செய்வார்.

2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 சதவீதமாக இருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டில் சுமார் 8 ஆக இறங்கியது. கொரோனாவும் சேர்ந்துதான் அடித்தது. சரி, ஆனால் கூரையைப் பிரித்துவிட்டு மழையை மட்டும் திட்ட முடியாது. 2022 சித்திரை 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. அந்த நாட்களில் அண்ணையும் நானும் ஒரே பெற்றோல் வரிசையில் நின்றோம்.

2024 தையில் வற் 18 ஆனது, எல்லை 6 கோடிக்கு இறங்கியது. அண்ணை மறுபடி உள்ளே! விற்ற மூட்டைகள் கூடவில்லை, மூட்டையின் விலைதான் ஏறியிருந்தது.

செலவுக் குறைப்பு என்றால் வேட்பாளர்களுக்கு வாகனமும் மாளிகையும்தான் ஞாபகம் வரும். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025 இல் சட்டம் போட்டு நிறுத்தியது நல்ல வேலை. ஆனால் அதனால் மட்டும் பாதீடு மெலியாது. அரசின் பெருஞ்செலவு வட்டி, சம்பளம், ஓய்வூதியம். இவற்றில் எதைத் தொடப்போகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அதே மேடையில் சம்பள உயர்வும் அறிவிப்பார்கள்.

மாதம் இரண்டரை இலட்சம் எடுக்கும் வைத்தியர் ஒருவருக்கு, சம்பளத்தில் கழியும் வரி அதே தொகைக்கு எப்படி மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 2019 இல் 12,000 ரூபா. 2020 இல் பூச்சியம். 2023 இல் 21,000. 2024 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க மாதம் 2 இலட்சம் வரை வரியில்லை என்றார். அவர் ஜனாதிபதியாகி, நாட்டுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசி முடிந்தபோது அது ஒன்றரை இலட்சத்தில் நின்றது. அதன்படி 2025 சித்திரையிலிருந்து 8,000.

வைத்தியர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இருபத்தோராயிரம் கழிஞ்ச நேரம்தான் நான் அவுஸ்திரேலியாப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினனான்," என்றார்.