மூன்று சுற்றுக் கயிறும் ஒரு மருத மரமும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சாரண மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: "முத்தையன்கட்டுக் குளத்தடியில் எங்கள் பாசறை நடந்தது. பழகிய முடிச்சுகளைத்தான் போட்டோம். தும்புக் கயிற்றில் போட்டவை நின்றன. கடையில் புதிதாக வாங்கிய நீலக் கயிற்றில் போட்டவை விடிவதற்குள் கழன்றுவிட்டன. அலைகரையில் கட்டியிருந்த தோணி நடுக்குளத்துக்குப் போய்விட்டது. நாங்கள் இறுக்கிக் கட்டவில்லை என்று ஆசிரியர் ஏசினார். உண்மையில் அதுதானா காரணம்?"

இல்லை, பிள்ளை. ஆசிரியரின் கோபம் நியாயமானது, சொன்ன காரணம்தான் பிழை. சோளகக் காற்றில் ஒரு தோணி கயிற்றை வெடுக்கென்று இழுக்கும் விசைக்கு முன்னால், முடிச்சுப் போட்டவருடைய கை கொடுத்த இறுக்கம் ஒரு பொருட்டே இல்லை. நல்ல முடிச்சை இறுக்குவது தோணிதான். கட்டுபவர் செய்வதெல்லாம், தோணி இழுக்க இழுக்கக் கயிறு தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும்படி பாதை போட்டுக் கொடுப்பது மட்டுமே.

அந்த நெரிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு முதலில் முடிச்சை மறந்துவிட்டு, வெறும் கயிற்றையும் ஒரு மரத்தையும் எடுத்துக்கொள்வோம். குளக்கட்டோரம் நிற்கும் மருத மரம் என்றே வைத்துக்கொள்ளலாம். கயிற்றின் ஒரு நுனியைத் தோணி 100 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுக்கிறது. மறு நுனி உங்கள் கையில் இருக்கிறது. நேராகப் பிடித்தால் நீங்களும் அதே 100 கிலோ இழுக்க வேண்டும். காலை ஊன்றினாலும் மணலில் வழுக்கிக்கொண்டு போவீர்கள். கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள். கயிற்றுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம் (ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு) 0.3 என்று வைத்தால், இப்போது கைக்கு வருவது ஏறத்தாழ 15 கிலோ. இரண்டு சுற்று என்றால் 2.3 கிலோ. மூன்று சுற்றில் 350 கிராம். நான்காவது சுற்றும் போட்டுவிட்டால் 53 கிராம் போதும். தோணியை ஒரு சின்னப் பையன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

முதல் சுற்று 85 கிலோவை வாங்கிக்கொண்டது, அடுத்த சுற்று 13 கிலோவைத்தானே வாங்கியது, சுற்றுக்குச் சுற்று மரம் சோர்ந்துபோகிறதோ என்று தோன்றும். கணக்கைக் கழித்தலாகப் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. வகுத்தலாகப் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றும் தன்னிடம் வந்த இழுவையை ஏறத்தாழ 6.6 ஆல் வகுத்து அடுத்ததிடம் கொடுக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். கடன்காரனுக்குப் பதிலாகத் தோணி அகப்பட்டிருக்கிறது.

ஏன் வகுத்தல்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, சற்றுப் பொறுமையாகப் போவோம். உராய்வு என்பது செவ்வன் மறுதாக்கத்துக்கு, அதாவது அழுத்தப்படும் மேற்பரப்பு திருப்பி அழுத்தும் விசைக்கு, விகிதசமன் என்று சாதாரணதரத்தில் படித்திருப்பீர்கள். மரத்தில் சுற்றியிருக்கும் கயிற்றில், ஒரே ஒரு பாகை மட்டும் வளைந்திருக்கும் ஒரு துண்டை மனத்தால் வெட்டி எடுங்கள். அதன் இரு பக்கமும் இழுவை இருக்கிறது. அந்த இரண்டு இழுவைகளும் முற்றிலும் நேர் எதிராக இல்லை, சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வினால்தான் கயிற்றுத் துண்டு மரத்தை அழுத்துகிறது. ஆகவே எவ்வளவு அழுத்துகிறது என்பது எவ்வளவு இழுவை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். அப்படியென்றால் அந்த ஒரு பாகைத் துண்டு, தன் வழியே போகும் இழுவையில் குறிப்பிட்ட இத்தனை கிலோ என்று பிடித்துக்கொள்வதில்லை. குறிப்பிட்ட பங்கைப் பிடித்துக்கொள்கிறது. குணகம் 0.3 ஆக இருந்தால் பாகைக்கு ஏறத்தாழ 0.5 சதவீதம். அற்பமான பங்குதான். ஆனால் ஒரு முழுச் சுற்றில் 360 பாகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையது மிச்சம் வைத்ததிலிருந்து தன் பங்கை எடுக்கிறது. 360 தடவை எடுத்து முடிந்தபோது ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

இதற்குள் இன்னொரு அதிசயமும் ஒளிந்திருக்கிறது. மேலே போட்ட கணக்கில் மரம் எவ்வளவு பருமன் என்று எங்கேயாவது கேட்டோமா? கேட்கவே தேவையில்லை. கட்டிப் பிடிக்க முடியாத மருதில் மூன்று சுற்றும், கூடார முளையில் மூன்று சுற்றும் ஒரே பிடியைத்தான் கொடுக்கும். பெருமரத்தில் கயிறு தொடும் நீளம் அதிகம். ஆனால் வளைவு மெதுவாக இருப்பதால் ஒவ்வொரு அங்குலமும் மெதுவாக அழுத்துகிறது. சிறு முளையில் தொடும் நீளம் குறைவு, அழுத்தமோ பலமாக இருக்கிறது. ஒன்று கூடிய அளவுக்கே மற்றது குறைந்து, ஆரை கணக்கிலிருந்து முற்றாக நீங்கிவிடுகிறது. எஞ்சுவது இரண்டே: உராய்வுக் குணகமும், சுற்றிய மொத்தக் கோணமும். இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை லெயோனார்ட் ஒய்லர் போட்டு முடித்துவிட்டார். உயர்தர மாணவர்கள் அடுக்குக்குறிச் சார்பைப் படிக்கும்போது இந்த ஒரு உதாரணத்தைக் கயிறும் தும்புத்தடிக் காம்பும் வைத்து வகுப்பிலேயே காட்டலாம். ஏன் யாரும் காட்டுவதில்லை என்பது எனக்கு விளங்காத விடயம்.

ஆரை முக்கியமில்லை என்பதால் ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மரத்துக்கு உண்மையானது உங்கள் கைக்கும் உண்மை. வழுக்காமல் இருக்கட்டும் என்று தோணிக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பவர்களைக் கரையோரம் எங்கும் காணலாம். தோணி திடீரென்று வெட்டி இழுத்தால் அந்தக் கயிற்றை அவர்களால் விட முடியாது. விரல்களை விரித்தாலும் சுற்று தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். விரல் போகும்.

சரி, முடிச்சுக்கு வருவோம். முடிச்சில் கயிறே கயிற்றுக்கு மரமாகிறது. மரத்தைச் சுற்றிய கயிறு தன் மேலேயே ஏறிக் குறுக்கே போனால், இழுவை உள்ள பகுதி மேலிருந்து அழுத்தும். இழுவை இல்லாத நுனி கீழே சிக்கிக்கொள்ளும். சாரணர் முதலில் பழகும் குளோவ் ஹிட்ச் இதுவே: இரண்டு சுற்று, குறுக்கே ஒரு ஏற்றம், நுனி அதன் அடியில். 1977ஆம் ஆண்டில் பெஞ்சமின் பேமன் என்ற இயற்பியலாளர் இத்தகைய கட்டுகளை ஒய்லரின் வழியில் கணக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது: ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரம்புக் குணகம் உண்டு. கயிற்றின் உராய்வு அந்த வரம்பைத் தாண்டிவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் கட்டு வழுக்காது. இழுவை பத்து மடங்கானால் பிடியும் பத்து மடங்காகும், கடைசியில் கயிறுதான் அறும். உராய்வு வரம்புக்குக் கீழே இருந்தால், சிறு இழுவைக்கே வழுக்கத் தொடங்கும், எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் சரி.

நீலக் கயிற்றின் குற்றம் இப்போது தெரிந்திருக்கும். தும்பு கரடுமுரடானது, ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரோடு கொளுவிக்கொள்கிறது. கடைகளில் நாம் நைலோன் கயிறு என்று கேட்டு வாங்கும் நீல, பச்சைக் கயிறுகளில் பெரும்பாலானவை நைலோனே அல்ல, பொலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி விடுங்கள்: உண்மையான நைலோன் தாழும், இது மிதக்கும். மிதப்பது தோணிக்கு நல்லதுதான். ஆனால் அதன் மேற்பரப்பு வழுவழுப்பு. குணகம் 0.3இலிருந்து பாதியாகிவிட்டது என்று வையுங்கள். மூன்று சுற்றுக்கு 286 மடங்காக இருந்த பிடி, பாதியாகி 143 ஆவதில்லை. 17 மடங்காகச் சரிந்துவிடுகிறது. பெருக்கத்தின் மறுபக்கம் இதுதான். பழைய பிடி வேண்டுமென்றால் சுற்றுகளை இரட்டிப்பாக்க வேண்டும்.

இரண்டாவது குற்றம், அதன் விறைப்பு. தும்புக் கயிறு வளைத்தால் வளைந்தபடி கிடக்கும். பிளாஸ்டிக் கயிறு நிமிரப் பார்க்கும். இரவெல்லாம் தோணி காற்றுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு கணம் கயிறு விறைக்கிறது, மறுகணம் தளர்கிறது. இழுவையால் உயிர்வாழும் முடிச்சு, இழுவை இல்லாத அந்தக் கணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து திறந்துகொள்கிறது. கயிற்று நுனியில் இறுகாத கண்ணி போடும் புகழ்பெற்ற போலைன் முடிச்சுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. பாரம் இருக்கும்வரை அசையாது, பாரம் போனதும் எளிதாக அவிழும். அதுவே அதன் அருமை, அதுவே ஆபத்தும். (போலைனை எப்படிப் போடுவது என்று எழுத்தில் விளக்குவது வீண் வேலை. தெரிந்தவர் ஒருவர் அரை நிமிடத்தில் கையில் காட்டிவிடுவார்.) நீலக் கயிற்றில் போட்டால் நுனியை ஒரு சாண் நீளமாவது மிச்சம் விட்டு, அந்த நுனியால் ஓர் அரை முடிச்சும் போட்டு வையுங்கள்.

தோணிக்கு நான் சிபாரிசு செய்வது இதைவிட எளிது. மரத்தில் முதலில் முழுச் சுற்றுகள்: தும்பு என்றால் இரண்டு, நீலம் என்றால் நான்கு. பிறகு நுனியால் தோணிப்பக்கக் கயிற்றின் மேல் இரண்டு அரை முடிச்சுகள். சுற்றுகளே பாரத்தைத் தாங்குகின்றன. அரை முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்வது ஓரிரண்டு கிலோதான். அதனால் அவை நெரிந்து இறுகிப்போவதில்லை. காலையில் தோணி இழுத்துக்கொண்டு நின்றாலும் அவிழ்த்துவிடலாம். கத்தி தேடத் தேவையில்லை.

இரண்டு கயிற்றை ஒன்றாக முடிவதில் வேறொரு மர்மம் உண்டு. இடது மேல் வலது, பிறகு வலது மேல் இடது என்று மாற்றிப் போட்டால் றீஃப் முடிச்சு. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகவே போட்டால், அவசரத்தில் எல்லோரும் போடும் பாட்டி முடிச்சு. சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், தொடும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் பாட்டி முடிச்சு வழுக்கும். ஏன் என்பதற்கு 2020ஆம் ஆண்டில்தான் தெளிவான விடை வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் விஷால் பாட்டீல், மத்தியாஸ் கோலே, யோர்ன் டங்கல் ஆகியோரைக் கொண்ட குழு, நீட்சிக்கு ஏற்ப நிறம் மாறும் இழையில் முடிச்சுகளைப் போட்டு, எங்கே எவ்வளவு விகாரம் (இழுபட்டு உருமாறும் அளவு) சேர்கிறது என்று கண்ணாலேயே பார்த்தது. முடிச்சை இழுக்கும்போது, கயிறு கயிற்றைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது தன் அச்சில் சற்றே முறுகுகிறது. அடுத்தடுத்த இடங்களில் முறுக்குகள் ஒரே திசையில் இருந்தால் கயிறு உருண்டு உருண்டு வெளியே வந்துவிடும். எதிர் எதிர்த் திசையில் இருந்தால் ஒன்றையொன்று மறித்து நிறுத்திவிடும். முன்னது பாட்டி, பின்னது றீஃப். போட்டு முடித்ததும் பார்த்தே அடையாளம் காணலாம்: றீஃபில் நுனிகள் கயிற்றோடு ஒட்டி ஒரே கோட்டில் கிடக்கும், பாட்டியில் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். சப்பாத்து நாடா அடிக்கடி அவிழ்கிறது என்றால் அதையும் குனிந்து பாருங்கள். ஒன்று மட்டும்: றீஃப் முடிச்சு காயத்துக்குக் கட்டுப்போடவும் பொதி கட்டவும்தான். ஆளைத் தாங்கும் கயிறு இரண்டை அதனால் இணைக்கவே கூடாது.

முடிச்சை ஆராய ஒரு பல்கலைக்கழகமா, அதற்குப் பணமா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைத் தையல் நூலும் முடிச்சால்தான் நிற்கிறது. கலத்துக்குள் டிஎன்ஏ இழையும் முடிச்சு விழுந்து அவிழ்கிறது. எங்கள் இலங்கை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகையைத்தான் ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறது. அந்த வறுமையில்கூட இந்தத் துறை ஏழைகளுக்கு ஏற்றது என்பேன்: ஒரு விற்றராசும் பத்து முழம் கயிறும் இருந்தால் கிளிநொச்சியின் எந்தப் பாடசாலையிலும் குணகம் அளக்கலாம். ஆனால் பிள்ளையின் கையில் கட்டிய கறுப்பு நூல் கழன்றால் மட்டும் ஊரில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. கண்ணூறு என்பார்கள், கிரகம் என்பார்கள். நூலை எடுத்துப் பார்த்தால் பாட்டி முடிச்சு.

இதற்காகப் பழைய பழக்கமெல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. முல்லைத்தீவுக் கரையில் தூண்டில் கட்டுபவர்களைப் பாருங்கள். தங்கூசி மிக வழுக்கும், ஒரு முடிச்சு அதில் நிற்காது. ஆகவே நுனியை ஐந்தாறு தடவை சுற்றித்தான் முடிகிறார்கள், ஒய்லர் சொன்னபடியே. இழுத்து இறுக்குவதற்கு முன் முடிச்சை வாயில் வைத்து எச்சில்படுத்திக்கொள்வார்கள். இது சடங்கல்ல. காய்ந்த தங்கூசியை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வின் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் சேர்ந்து இழையைப் பலவீனமாக்கிவிடும். மீன் இழுக்கும்போது முடிச்சடியில்தான் அறும். எச்சில் இழையைக் குளிர்த்தி, சுற்றுகள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகச் சீராக வழுக்கி உட்காரவும் விடுகிறது.