பக்க எண் இல்லாத குறிப்புகள்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்துவிட்டால் பல்கலைக்கழக நூலகத்தில் எங்கள் பிரிவுக்கு ஓய்வு கிடையாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் ஒப்புமைச் சோதனை மென்பொருளில் ஏற்றி, அறிக்கை எடுத்து, சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை. அறிக்கை வந்ததும் ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பர்சென்ட் சார்?" அடுத்து, "இது நான் எழுதின வரிதானே, இதை ஏன் சிவப்பில் காட்டுகிறது?"

இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆய்வைத் தொடங்கிய காலத்தில் ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து நோட்ஸ் ஆப்பில் ஒட்டிவைத்த வரி அது. மேற்கோள் குறி போடவில்லை, பக்க எண் குறிக்கவில்லை. பலமுறை படித்துப் படித்து அது தன் நடையாகவே ஆகிவிட்டது. திருட்டு என்று நாங்கள் பார்ப்பவற்றில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட மறதிதான்.

மறதி என்றால் விதி விடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கொண்டுவந்த விதிமுறைகளின்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாமல் கொடுக்கப்படும் காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சமன்பாடுகள் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அதாவது மேற்கோள் குறியும் சான்றும் இருந்தால் சேராத வரி, அவை இல்லாததால் சேர்கிறது.

ஆனால் மென்பொருளுக்குத் தெரிவது சொல் மட்டும்தான். ஒரு கட்டுரை சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் அது பிடிக்காது. அதுதான் இன்னும் மோசமான நோய்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்தது. ஒரே பத்தி, ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாத நான்கு பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகத் தெளிவான பதிவு இருக்கிறது என்பது அதன் சாரம். 2017இல் அதே இதழில் கனடா ஆய்வாளர்கள் இந்தக் கடிதம் எங்கெல்லாம் மேற்கோளாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். 608 முறை. அவற்றில் 72.2 சதவீதம், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டின. 80.8 சதவீதம், கடிதம் பேசுவது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றி மட்டுமே என்பதைக் குறிப்பிடவே இல்லை. ஐந்து வாக்கியத்தை எடுத்துப் படிக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஒருவர் மேற்கோளை இன்னொருவர் எடுத்து, அவரிடமிருந்து மற்றொருவர் எடுத்து, இப்படியே போயிருக்கிறது. இந்த மருந்துகளுக்கு அடிமையாகி ஏராளமானோர் இறந்த அந்த நாட்டின் ஓபியாய்டு பெருந்துயரத்துக்கு இந்தக் கடிதம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர்களின் பயத்தைப் போக்கியதில் அதற்கும் பங்கு இருந்தது என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சரி, இதைத் தடுக்க ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? அந்தக் கடிதத்துக்கே எழுதிப் பார்ப்போம்.

போர்ட்டர், ஜிக் 1980, ப. 123.
சுருக்கம்: மருத்துவமனை நோயாளிகள் 11,882 பேர், அடிமையானதாகப் பதிவு 4.
வரம்பு: ஆசிரியருக்குக் கடிதம், முழு ஆய்வுக் கட்டுரை அல்ல. மருந்தின் அளவு, எத்தனை நாள் என்ற விவரம் இல்லை. வீடு திரும்பியவர்களைப் பற்றி எதுவும் இல்லை.
என் கருத்து: நாட்பட்ட வலிக்கு மருந்து எழுதலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.
மூலத்தைப் பார்த்தேனா: ஆம்.

இவ்வளவுதான். 'வரம்பு' என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த 608இல் பல நடந்திருக்காது. கடைசி வரியையும் விடாதீர்கள். "இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியது" என்றால் அப்படியே எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகக் காட்ட வேண்டாம். நான் வற்புறுத்துவது இன்னொன்று: ஒட்டிய வரி, என் சொல்லில் சுருக்கியது, எனக்குத் தோன்றியது ஆகிய மூன்றும் குறிப்பு எடுக்கும் அந்த நொடியிலேயே பிரிந்திருக்க வேண்டும். ஒட்டியதற்கு மேற்கோள் குறி, என் கருத்துக்கு முன்னால் 'என்:' என்று ஓர் அடையாளம், அது போதும். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிரிக்கவே முடியாது.

இனி ஆப் விஷயம். "எந்த ஆப் நல்லது?" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். நான் பார்த்த வரையில் சிக்கல் ஆப்பில் இல்லை. இரண்டு வேலையை ஒரே இடத்தில் செய்வதில் இருக்கிறது. நூலின் விவரங்களை வைத்திருப்பது ஒரு வேலை, அதைப் பற்றி யோசிப்பது வேறு வேலை. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 அட்டைகளில் குறிப்பு எழுதிவைத்தார் என்று பலரும் வியப்பார்கள். நூல் விவர அட்டைகளை அவர் தனியாக வைத்திருந்தார் என்பதை யாரும் பேசுவதில்லை.

விவரங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜோட்டெரோ (Zotero) என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றில் பிறந்தது, இலவசம், திறமூலம். பிரவுசரில் அதன் கனெக்டர் என்ற துணை நிரலைப் போட்டுக்கொண்டால் கட்டுரைப் பக்கத்தில் ஒரு சொடுக்கில் விவரம் எல்லாம் வந்து சேரும். கட்டுரைக்குரிய நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ அல்லது நூலுக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தாலும் போதும். யோசிப்பதற்கு அப்சிடியன் (Obsidian) மாதிரி ஒரு குறிப்பெழுதும் ஆப். அதன் குறிப்புகள் உங்கள் கணினியில் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாகவே இருக்கும். நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இரண்டையும் இணைப்பது சைட்டேஷன் கீ எனப்படும் சிறு அடையாளச் சொல்: ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்ந்தது. ஒரு நூலுக்கு ஒரு கீ, ஒரு குறிப்புக் கோப்பு. கோப்பின் பெயரே அந்தக் கீ. வைத்த பிறகு மாற்றாதீர்கள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் அப்சிடியனிலும் தட்டி வைப்பவர்கள் உண்டு. தேவையில்லை. ஓரிடத்தில் திருத்தி மற்றொன்றில் மறந்துபோவதுதான் நடக்கும்.

2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து ஜோட்டெரோவுக்குள்ளேயே பிடிஎஃப் படிக்கலாம். வண்ணம் தீட்டிய வரிகளை ஒரே சொடுக்கில் குறிப்பாக மாற்றினால் ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறியோடும் பக்க எண்ணோடும் வந்து நிற்கும். அந்தப் பக்க எண்ணை நம்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இதழில் கட்டுரை 245ஆம் பக்கத்தில் தொடங்கும். பிடிஎஃப் கோப்போ அதை 1 என்று எண்ணிக்கொண்டிருக்கும். 'ப. 3' என்று மேற்கோள் காட்டி, இதழின் மூன்றாம் பக்கத்தில் பொருளடக்கம் இருப்பதைத் தேர்வாளர் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எடுத்துக் காட்டிய கதையெல்லாம் உண்டு. வண்ணம் தீட்டிய இடத்தில் பக்க எண்ணைத் திருத்தும் வசதி இருக்கிறது. முதல் பக்கத்தில் திருத்தினால் அதற்குப் பின் வருபவற்றுக்கும் சேர்த்தே மாற்றலாம்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு இதற்கு மேலும் சில தலைவலிகள். பழைய பிடிஎஃப்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. அவற்றை எழுத்துரு மாற்றி நிரலில் போட்டு யூனிகோடாக மாற்றிச் சரிபார்க்கலாம். அது சரிவராவிட்டால் கையால் தட்டுவதோ எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக எடுத்துச் சரிபார்ப்பதோதான் வழி. 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று குப்பையாகவே ஒட்டிவைத்தால், தேடும்போது அந்தக் குறிப்பு கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம் பெயர். குமார் எஸ். என்பவரின் கட்டுரையை இறக்கினால் பல சமயம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'எஸ்' என்றும், முதற்பெயர் கட்டத்தில் 'குமார்' என்றும் உட்கார்ந்திருக்கும். மேற்கோள் எழுதும் முறைகளில் ஒன்றான ஏபிஏ நடையில் அது 'எஸ், கே.' என்று அச்சாகும். யார் அவர் என்று அவருக்கே தெரியாது! இறக்கியதும் ஒரு பார்வை பார்த்து, குமாரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். புனைபெயர், நிறுவனப் பெயர் என்றால் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் சின்னக் குறி அங்கேயே இருக்கிறது.

பதிப்பு அடுத்தது. 'சிலப்பதிகாரம், ப. 212' என்று மட்டும் எழுதிவைத்த குறிப்பால் பயன் இல்லை. உ.வே.சா. பதிப்பே 1892 தொடங்கி மறுபடியும் மறுபடியும் வந்திருக்கிறது, பக்கம் ஒன்றுபோல் இருக்காது. செய்யுள் என்றால் காதையும் அடி எண்ணும், உரை என்றால் பதிப்பாண்டும் பக்கமும் குறியுங்கள். மின்னூலகத்திலிருந்து எடுத்தால், கையில் இருப்பது எந்தப் பதிப்பின் ஸ்கேன் என்று தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். தளத்தில் போட்டிருக்கும் ஆண்டு எப்போதும் சரியாக இருப்பதில்லை.

உலகத்திலேயே இல்லாத கட்டுரை துணைநூற்பட்டியலில் இடம்பெறுவது ஏஐ வந்த பிறகு தொடங்கியது அல்ல. எல்சவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் இதழ்களுக்கான வழிகாட்டியில் மேற்கோள் எழுதும் முறையைக் காட்ட, வான் டெர் கீர் என்று தொடங்கும் ஒரு கற்பனைக் கட்டுரையைப் போட்டிருந்தார்கள். மாதிரிக் கோப்பிலிருந்து அதை நீக்க மறந்தவர்கள் பலர். கிட்டத்தட்ட 400 முறை அது மேற்கோளாகப் பதிவாகியிருந்ததை நெதர்லாந்தின் லைடன் பேராசிரியர் ஒருவர் கவனித்தார். இப்போது சாட்ஜிபிடி அந்த வேலையை வேகமாகச் செய்கிறது. 2023இல் நியூயார்க்கில் அது உருவாக்கிய இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஏஐ தந்த எந்த மேற்கோளையும் நேரே வேர்டில் ஒட்டாதீர்கள். டிஓஐ எண்ணை ஜோட்டெரோவில் கொடுங்கள். ஒன்றுமே வராவிட்டாலோ வேறொரு கட்டுரை வந்தாலோ அங்கேயே விட்டுவிடலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால், அப்படிப்பட்டவற்றைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவைக் கொண்டு ஜோட்டெரோவே சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். அதைப் பார்த்தும் பேசாமல் போகிறவர்கள் இருப்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

சேமிப்பு பற்றிச் சுருக்கமாக. ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை கூகுள் டிரைவுக்குள்ளோ டிராப்பாக்ஸுக்குள்ளோ வைக்காதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அதன் சொந்த ஒத்திசைவில் விவரங்களும் குறிப்புகளும் இலவசம்; பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டும் 300 எம்பி வரம்பு. நெறியாளருக்கு அனுப்பும் வேர்ட் கோப்பு வேறு, மேற்கோள்கள் ஜோட்டெரோவோடு இணைப்பில், உயிரோடு இருக்கும் மூலக் கோப்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு மென்பொருளில் திறந்து சேமித்தால் மேற்கோள் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடலாம்.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கான குறிப்புகள் வாட்ஸ்அப்பிலும் டைரியிலும் டெஸ்க்டாப்பிலும் சிதறிக் கிடக்கின்றன என்றால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற உட்காராதீர்கள், பாதியில் அலுத்துப்போகும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இயலுக்கு வேண்டியவற்றை மட்டும் எடுங்கள். பக்க எண் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் மூலத்தைத் திறந்து தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி. சந்தேகம் என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உங்கள் நூலகத்துக்குப் போங்கள். ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கமான சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன்னால் போனால் உதவ நேரம் இருக்கும்.