நசுங்கிய டம்ளரும் கரையும் தாளும்

ஈரோட்டில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்து ப்ளவுஸ் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தண்ணியில கரையுற பேப்பர் வெச்சுத்தான் தைக்கிறேன் சார். ஃப்ரேமுக்கு வெளியே மிஞ்சுறதை வெட்டி வெட்டிப் போட்டதுல ஒரு கட்டைப்பையே நிறைஞ்சிடுச்சு. காசு குடுத்து வாங்கினது, தூக்கிப் போட மனசு வரலை. இது ஜவ்வரிசியில செய்யறதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. செடிக்கு உரமாப் போடலாமா?"

ஜவ்வரிசி இல்லை, உரமாகவும் போட வேண்டாம். ஆனால் அந்தக் கட்டைப்பையில் இருப்பது குப்பையும் இல்லை.

நெட், ஆர்கன்சா மாதிரி மெல்லிய துணிகளை ஊசி இழுத்துச் சுருக்கிவிடும். அதைத் தடுக்க அடியில் இந்தத் தாளை வைத்துத் தைத்து, வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசுகிறோம். தாள் போய்விடும், தையல் நிற்கும். டர்க்கி டவலில் பெயர் தைப்பவர்கள் இதையே மேலேயும் விரிப்பார்கள், நூல் பூந்துவாலைக்குள் புதைந்து போகாமல் இருக்க. இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாளுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கண்ணாடிபோல் இருக்கும் வகையானாலும் துணிபோல் இருக்கும் வகையானாலும், பெரும்பாலும் அதன் பெயர் பாலிவினைல் ஆல்கஹால். நீளமான கார்பன் சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு ஓ-ஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) கொக்கி. சாதாரணமாக இப்படிப்பட்ட ஒரு நீளச் சங்கிலியை, அதாவது பாலிமரைச் செய்ய அதன் சிறு மூலக்கூறுகளைக் கோத்தால் போதும். இங்கே அது நடக்காது. வினைல் ஆல்கஹால் நிலையாக நிற்காமல் உடனே அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். அதனால் சுற்றுவழி: முதலில் பாலிவினைல் அசிட்டேட் செய்வது (தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையில் இருப்பது அதுதான்), பிறகு காரம் சேர்த்து, தொங்கும் அசிட்டேட் குழுக்களைக் கழற்றி ஓ-ஹெச் ஆக்குவது. 1924இல் ஜெர்மனியில் ஹெர்மனும் ஹேனலும் இப்படித்தான் இதை முதலில் செய்தார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஓ-ஹெச் தண்ணீரோடு கைகோக்கும், அசிட்டேட் அவ்வளவாகக் கோக்காது. அப்படியென்றால் எல்லா அசிட்டேட்டையும் கழற்றிவிட்டால் தாள் இன்னும் நன்றாகக் கரைய வேண்டும், இல்லையா? நேர்மாறு! 98, 99 சதவீதம் கழற்றிய பொருள் பச்சைத் தண்ணீரில் ஊறிக் கிடக்குமே தவிர லேசில் கரையாது. 90 டிகிரி அளவுக்குச் சூடு கேட்கும். 88 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டதுதான் குழாய்த் தண்ணீரிலேயே கரைகிறது. வேலையை அரைகுறையாக விட்டதால் வந்த குணம் இது.

ஏன் இப்படி? எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று இறுக்கி அடுக்கி வைத்த வீட்டில் மறுநாள் காபி நேரத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஆளாளுக்கு இழுத்துப் பார்த்து, கடைசியில் சுடுதண்ணீரில் வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே வடிவம் என்பதால் வந்த வினை. அந்த அடுக்கில் ஒரே ஒரு டம்ளர் மட்டும் நசுங்கியிருந்தால்? அது முழுக்க உள்ளே இறங்காது, கையோடு வந்துவிடும். சங்கிலிகளும் அப்படித்தான். ஓ-ஹெச் மட்டுமே உள்ள சங்கிலிகள் ஒன்றையொன்று அச்சாக நெருங்கி, தங்கள் கொக்கிகளைத் தங்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சிறு படிகங்களாக இறுகிவிடுகின்றன. தண்ணீர் வந்து கை நீட்டினாலும் கோக்க இங்கே கை மிச்சமில்லை. மீதி 12 சதவீத அசிட்டேட்தான் நசுங்கிய டம்ளர். பருத்துப் புடைத்துக்கொண்டு அது சங்கிலிகளை நெருங்க விடாது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும். (டம்ளருக்குச் சுடுதண்ணீர் உதவும் காரணம் வேறு, உலோகம் விரிவது. ஆனாலும் மருந்து ஒன்றாக இருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.)

இரண்டு வகைக்கும் வேலை உண்டு. சில மருத்துவமனைகளில் தொற்றுள்ள துணிகளைப் போடும் பை சுடுதண்ணீரில் மட்டும் கரையும் வகை. ஈரத்துணி பட்டால் தாங்கும், பையோடு மெஷினில் போட்டால் கரைந்துவிடும், யாரும் கைவைத்துப் பிரிக்க வேண்டாம்.

துண்டுகளைப் பற்றிய விதிகளெல்லாம் இந்த டம்ளரிலிருந்தே கிளம்புகின்றன. முதல் விதி, சூடு. சூடு பட்டால் சங்கிலிகள் அசைந்து கொடுத்து இன்னும் நெருங்கி அடுக்கிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சரி, மண்டையில் ஏறவில்லை. ஒருமுறை அலசுவதற்கு முன்பே பூவேலையைக் காட்டன் சூட்டில் அயர்ன் செய்துவிட்டேன். தாள் துணியில் உருகிப் பிடித்து அப்பளமாக விறைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வெகுநேரம் ஊறிய பிறகுதான் விட்டது. ஆகவே துண்டுகளை ஒட்ட அயர்ன் பாக்ஸைத் தேடாதீர்கள். கண்ணாடி வகையில் இரண்டு துண்டுகளின் ஓரத்தை அரை அங்குலம் ஏறினாற்போல் வைத்து, ஈர விரலால் லேசாகத் தடவி அழுத்தினால் போதும். நனைந்த பரப்பில் சங்கிலிகள் தளர்ந்து, அந்தப் பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும். காய்ந்தால் ஒரே தாள். தண்ணீர் அதிகமானால் ஓட்டை விழும், அவ்வளவுதான்.

இரண்டாவது விதி, சோப்பும் சோடாவும் வேண்டாம். காரம் பட்டால் மிச்சமுள்ள அசிட்டேட்டும் மெல்ல மெல்லக் கழன்று, கரையாத பக்கம் நகரும். போராக்ஸ் இன்னும் மோசம், சங்கிலிகளைக் குறுக்கே கட்டி கொழகொழவென்று ஆக்கிவிடும். பிள்ளைகள் விளையாடும் ஸ்லைம் பலவற்றுக்கு அதுதான் சூத்திரம். வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

ஒட்ட முடியாத பொடித் துண்டுகளைக் கரைத்துக் கஞ்சியாக்கலாம். 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் போல. மொத்தமாகக் கொட்டினால் ராகி மாவு கட்டி தட்டுவதுபோல் மேல்புறம் பசையாகி உள்ளே தண்ணீரை விடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். வழுக்கும் துணியில் இதைப் பிரஷ்ஷால் தடவிக் காயவைத்தால், தாள் இல்லாமலே விறைப்பாக நிற்கும். சாயம் ஓடுமா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்கு ஸ்டார்ச்சோடு இதையும் சேர்த்துச் சைசிங் செய்வது, அதாவது கஞ்சி போடுவது, பழைய வழக்கம்தான்.

உரம் விஷயத்துக்கு வருகிறேன். "தண்ணியில கரையுது, அப்போ இயற்கைதான்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கரைவது வேறு, மக்குவது வேறு. உப்பு கரைகிறது, மக்குகிறதா? அதேபோல் "கெமிக்கல்" என்று அலறவும் வேண்டாம், கண் வறட்சிக்குப் போடும் சில சொட்டு மருந்துகளில் இருப்பதும் இதுதான். இதைத் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை 1973இல் ஜப்பானில் கண்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் எல்லா மண்ணிலும் சாக்கடையிலும் போதிய அளவில் இருப்பதில்லை. ஆலையில் சைசிங் கழுவிய தண்ணீரிலிருந்து இதை வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் முறை 1970களிலேயே வந்துவிட்டது. அதை நம் ஊர்ச் சின்னப் பட்டறைகளுக்குக் கட்டுபடியாகும்படி சுருக்கித் தருவது ஆராய்ச்சிப் பணம் கேட்கும் வேலை. நானோ என்று தலைப்பில் போட்டால் கிடைக்கிற பணம், கழிவுத் தண்ணீர் என்று போட்டால் கிடைப்பதில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

அந்தக் கஞ்சி மிஞ்சினால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஃப்ரிட்ஜில் சில நாள் வைக்கலாம், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். அதற்கு முன்பு ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் மெல்லிசாக ஊற்றி, இரண்டு சொட்டு கிளிசரின் கலந்து, நிழலில் காயவிடுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் நொறுங்கும். மறுநாள் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் முழுசாக உரிந்து வரும், புதுத் தாள். தடிமன் ஓரிடத்தில் ஒரு மாதிரி இருக்கும், ஃப்ரேமில் இறுக்கிக் கட்டுவதற்கு லாயக்கில்லை. டவல் மேல் விரிக்கப் போதும். காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.