குலையில் இன்றைக்கு எத்தனை பழம்?

துபாயிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்த ஒருவர், போன வருஷம் தன் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் நான் குழந்தைகளுக்கு ஆலோசனை பார்க்கும் அறைக்கு வந்தார். பிள்ளை பேச மாட்டேன் என்கிறாள் என்பது புகார். பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள், அம்மாவிடம் பேசுகிறாள், பாட்டாவிடம் (தாத்தாவிடம்) வாய் ஓயாமல் பேசுகிறாள். அப்பாவிடம் மட்டும் "ம்", "இல்ல", அவ்வளவுதான்.

"மேடம், மண்டபம் பிடிச்சு, முந்நூறு பேருக்கு பிரியாணி போட்டு இவளுக்குப் பிறந்தநாள் வச்சேன். கேக் மட்டும் அஞ்சு கிலோ. வெட்டும்போதுகூட என் பக்கம் திரும்பல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று பிடிபடாத ஆளின் குரல் அது.

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி வரும் பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான்.)

எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் நாள் ஒரு தாளும் கிரையான் டப்பாவும் கொடுத்து, "வீட்ல உனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் எதுவோ, அதை வரைஞ்சு தா மக்களே" என்பேன். இத்தனை வருஷத்தில் சேர்ந்த படங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. பிறந்தநாள் கேக் வரைந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழையில் அப்பாவின் ரெயின்கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பைக்கில் போவது, நுங்கு வண்டி ஓட்டுவது, அம்மச்சி அரிசி புடைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் கோழி. கரண்ட் போன ராத்திரி எல்லோரும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருப்பதை எத்தனை பேர் வரைந்திருக்கிறார்கள்! அன்றைக்குக் கரண்ட் போனதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும் போல.

இந்தப் பிள்ளை வரைந்தது ஒரு வாழைக்குலை. திண்ணை உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. கீழே நாற்காலியில் ஒரு கிழவர். பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும் சிறுமி, கை நீட்டி ஒரு பழத்தைத் தொடுகிறாள்.

"இதுல என்ன செய்யுத?"

"எண்ணுதேன்."

வீட்டு மட்டி வாழைக்குலை பழுக்கத் தொடங்கினால், தினமும் சாயங்காலம் எத்தனை பழுத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வது அவள் வேலையாம். பாட்டா அதைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பேனாவால் குறித்து வைப்பாராம். நாலு. ஏழு. பன்னிரண்டு. "ஏன், பாட்டாவுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும். ஆனா எண்ண மாட்டாவ. நான்தான் எண்ணணும்" என்றாள். அன்று அந்த அறையில் அவள் முழு வாக்கியமாகப் பேசியது அப்போதுதான்.

கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் என்பதால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். பழுத்தால் சீக்கிரம் காம்பு விட்டு உதிரும். அதனால்தான் அந்த வீட்டில் தினமும் ஒருத்தர் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பாட்டா பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். "இது என்ன, வாழைப்பழமா?" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அந்த மண்டபத்தில் இவளுக்கு என்ன வேலை இருந்தது? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வலை வைத்த கவுனைப் போட்டுவிட்டார்கள், மேடையில் நிறுத்தினார்கள், போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார், நாலு பேர் கை பிடித்துக் கேக்கை வெட்டினார்கள். திண்ணையில் அவளுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஆளும் இருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்கு எதையெல்லாம் கொண்டாடுகிறோம் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டு, சோறு கொடுப்பு, காதுகுத்து, பிறந்தநாள், வயசுக்கு வந்தால் சடங்கு, அப்புறம் கல்யாணம். இதில் எதையும் அந்தப் பிள்ளை செய்யவில்லை, அவளுக்கு நடக்கிறது. அதிலும் முக்கால்வாசி அவள் உடம்புக்கு நடக்கிறது. கிறிஸ்தவ வீடுகளில் புதுநன்மையை (முதல் தடவை நற்கருணை வாங்குவதை) வேண்டுமானால் விட்டுவிடலாம். அதற்கு ஜெபங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும், அவள் உழைப்பு கொஞ்சம் இருக்கிறது. மற்றபடி பட்டுப்பாவாடை கட்டி உட்காருவதுதான் அவள் பங்கு. (சடங்குக்கு ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைப்பதைப் பற்றி எனக்கு வேறு கோபம் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.) ஆனால் அவள் தானாகத் தலை பின்னிய முதல் நாளுக்கோ, யாரும் பிடிக்காமல் சைக்கிள் மிதித்த நாளுக்கோ, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வந்த நாளுக்கோ வீட்டில் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் சிகாகோ ஆய்வாளர்கள் 14 மாதம் முதல் 38 மாதம் வரையுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோர் பிள்ளைகளிடம் சாதாரணமாகப் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். 2013-இல் முடிவுகள் வந்தன. மொத்தப் பாராட்டு ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் "நீயே அடுக்கிட்டியே", "விடாம முயற்சி பண்ணினே" என்று செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுவது ஆண்பிள்ளைகளுக்கு அதிகமாகவும் பெண்பிள்ளைகளுக்குக் குறைவாகவும் இருந்தது. அந்த வகைப் பாராட்டு அதிகம் கேட்ட பிள்ளைகள் 7, 8 வயதில் கஷ்டமான வேலைக்கு விரும்பிப் போனார்கள். 2017-இல் அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வு. "ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்கிறேன், அது யாராக இருக்கும்?" என்று கேட்டுச் சில படங்களைக் காட்டினார்கள். ஐந்து வயதுப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பெண் படத்தைக் காட்டினார்கள். ஆறு வயதில் அது குறைந்துவிட்டது. ஒரே வருஷ இடைவெளி!

நம் வீட்டுப் பாராட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். தங்கம், செல்லம், அழகு ராணி, சமத்து. எனக்கும் இவை பிடிக்கும், விட வேண்டாம். ஆனால் இவையெல்லாம் அவள் யார் என்பதற்கான பெயர்கள். "ஷூ லேஸை நீயே கட்டிட்டியே, மூணு தடவை அவிழ்ந்தும் விடல" என்றால்தான், தான் செய்த ஒன்றை அம்மா பார்த்தாள் என்று பிள்ளைக்குத் தெரியும். கைதட்டல்கூடத் தேவையில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நான் வீட்டில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். என் சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே வந்து உட்கார்ந்து உள்ளி (சின்ன வெங்காயம்) உரிக்கத் தொடங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, புறங்கையால் துடைத்துத் துடைத்து உரிக்கிறாள். பதினோரு உள்ளி. ஒவ்வொன்றையும் வரிசையாகத் தட்டில் வைத்து, "பாரும்மா" என்றாள். நான் என்ன செய்தேன்? "நில்லு நில்லு, போன் எடுத்துட்டு வாறேன், இன்னொரு தடவ உரி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உரிச்சாச்சேம்மா. மறுபடி எப்படி உரிக்க?" என்று கேட்டாள்.

உரித்த உள்ளியை மறுபடி உரிக்க முடியாதுதானே. அந்த நேரம் அதோடு போயிற்று. போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ் வைத்தேன், நாற்பது பேர் இதயம் போட்டார்கள். பிள்ளை எழுந்து போய்விட்டாள். அன்று தீயல் குழம்பில் கிடந்தது அவள் உரித்த உள்ளி என்று சாப்பிடும்போது நான் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மறந்தேபோனேன்.

அந்தச் சொல்லல் முக்கியம். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தவற்றில் அநேகமாக எதுவும் பெரியவர்களான பிறகு நம் நினைவில் நிற்பதில்லை. அதற்குப் பிறகு நடப்பவற்றில் எது நிற்கும் என்பதில், வீட்டில் அதை எப்படித் திருப்பிப் பேசுகிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். "முட்டத்தில அலை வந்து உன் செருப்பை இழுத்துட்டுப் போச்சே, அப்புறம்?" என்று கேட்டால் கதை வரும். இந்த "அப்புறம்" என்ற சொல்லுக்குச் செலவு கிடையாது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன் இரண்டு தடவை சொன்னால் போதும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலுள்ள மூன்றாவது ஆளிடம், பிள்ளை காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.

உள்ளிக் கதை சொன்னேன் என்பதற்காக மகளோடு கழிக்கும் நேரம் எல்லாம் சமையலறையில்தான் என்று ஆக்கிவிடாதீர்கள். தம்பி விளையாட, அக்காவை மட்டும் அழைத்துக் கறிக்கு நறுக்கவிட்டு, அதை "நேரம் செலவிடுதல்" என்று சொல்லும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அப்பாக்கள் வடசேரிச் சந்தைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போகலாம். மீன் எது என்று அவள் சொல்லட்டும், நூறு ரூபாய் நோட்டை அவள் கையால் கொடுக்கட்டும். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டுவதற்கு அவளைக் கூப்பிடலாம். கை கருப்பானால் கழுவிக்கொள்ளலாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயம்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் அம்மாக்கள் சாயங்காலம் திரும்பும்போது கைவிரல் எரிச்சலோடு வருகிறார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் போனால் திரும்ப வாரக்கணக்காகும். இவர்களிடம் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும் என்பதைத்தான் சொல்கிறேன். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் அடித்த பிறகு கடற்கரை ஊர்களில் பிள்ளைகளோடு பேசப் போயிருந்தேன். அப்பா திரும்பாத ஒரு பெண்பிள்ளை, அப்பாவைப் பற்றிக் கேட்டதும் சொன்னது இது: "அப்பா கரைக்கு வந்த அன்னைக்கு மட்டும் நான்தான் சோறு விளம்புவேன். 'போதும் மக்களே'ன்னு சொல்லச் சொல்ல வச்சுட்டே இருப்பேன்."

மூன்று பெற்றோருக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி போன் பற்றியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அறவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பிள்ளையின் திரையைப் பற்றிக் கேட்பவர்கள் தங்கள் திரையைப் பற்றிக் கேட்பதில்லை, அதுதான் எனக்குச் சங்கடம்.

இதில் பாதுகாப்பு விஷயமும் ஒன்று இருக்கிறது. என்னிடம் வரும் கனமான வழக்குகளில், ஒரு பிள்ளைக்கு வேண்டாத ஒன்று நடந்து மாதக்கணக்கில் வீட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். "ஏன் மக்களே அம்மாட்ட சொல்லல?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் பயம். அதற்கு அடுத்தபடியாக வருவது, "அம்மா வேலையா இருப்பாங்க." உள்ளி உரித்ததைக் காட்டும்போது நிமிர்ந்து பார்க்காத அம்மாவிடம், சொல்லவே கூசும் ஒன்றை எப்படிச் சொல்வாள்? நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி படுக்கையில் சிறுநீர் கழித்தாலோ, தூக்கத்தில் அலறினாலோ, குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தால் ஒளிந்துகொண்டாலோ, தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். பிள்ளையே கூப்பிடலாம்.

துபாய் அப்பா லீவு முடிந்து போய்விட்டார். போகும் முன் அவரிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். வீடியோ காலில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதை ஒரு மாசத்துக்கு நிறுத்துங்கள், குலைக் கணக்கை மட்டும் கேளுங்கள். அவருக்கு அது சின்னப் பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. ஆனாலும் கேட்டிருக்கிறார். இங்கே ஆறு மணி, அங்கே நாலரை, டீ குடிக்கும் இடைவேளை. முதல் நாலைந்து நாள் எண் மட்டும் வந்ததாம். "ஆறு." "ஒம்பது." போன் கூரையைப் பார்த்தபடி கிடக்கும், பிள்ளை முகம் தெரியாது.

போன மாசம் அவரே எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். அன்றைக்கு எண் வரவில்லையாம். "இன்னைக்கு எண்ண முடியல, அணில் கடிச்சிட்டு" என்றாளாம். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல், "எந்தப் பக்கம் கடிச்சிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டூல் இழுக்கிற சத்தம். போன் ஆடுகிறது, உத்திரம் தெரிகிறது, கயிறு தெரிகிறது, பிறகு திரை முழுக்க மஞ்சளாகப் பாதி தின்ற ஒரு பழம். "இந்தா, இந்தப் பக்கம். இதோ இன்னொண்ணு. இது நேத்தே கடிச்சது, பாட்டா பாக்கல." டீ இடைவேளை முடிந்து பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டதாம். சூப்பர்வைசர் வந்து நின்றிருக்கிறார், இவர் போனை வைக்கவில்லை.